முருகனுக்கு முடிந்து வைத்த மாத்திரை

மலையூரான பள்ளங்கியின் பால்வாடி டீச்சர் விஜயராணியை உட்கார வைக்க எந்த அரசாலும் முடியவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த நாற்காலி இன்னும் பாலித்தீன் உறை பிரிக்கப்படாமல் இருப்பதே இதற்கு ஆதாரம். காலை ஏழு மணிக்குள் நாலு வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்துவிடுவார். டீயை நின்றபடி குடிப்பார். பாதியில் யார் வீட்டுப் பிள்ளையாவது நினைவுக்கு வந்தால் டம்ளரோடு கிளம்பிவிடுவார்.

அந்தத் தை மாதத்தில் அவரை அலைக்கழித்தது வள்ளி. வயது ஒன்றேகால், எடை ஆறு கிலோ இருநூறு. மூன்று மாதத்தில் மூன்று முறை வயிற்றுப்போக்கு. ஒவ்வொரு முறையும் பிள்ளை இளைத்தது. இளைத்ததால் மறுபடி போனது. நர்சம்மா உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களோடு பதினான்கு ஜிங்க் மாத்திரை கொண்ட ஒரே அட்டையைக் கொடுத்து, "தெனம் ஒண்ணு, கரண்டித் தண்ணியில கரைச்சு. நின்னாலும் நிறுத்தக் கூடாது. இன்னொரு தடவ போனா இந்தப் புள்ள தாங்காது" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் நின்றது. நாலாம் நாள் காலையில் விஜயராணி எட்டிப் பார்த்தபோது கரண்டி காய்ந்து கிடந்தது.

"மாத்திர எங்க, ஜோதிமணி?" என்று வள்ளியின் தாயிடம் கேட்டார்.

"அதான் நின்னுருச்சுல்லக்கா. மிச்சத்தப் பழனிக்குச் செலுத்துறேன்னு சாமி முடிஞ்சு வச்சுட்டாரு."

சாமி என்பது அவள் கணவன் ராஜமுருகன். தைப்பூச நடைப்பயணத்துக்கு மாலை போட்டதிலிருந்து மனைவி உட்பட ஊரே அவரை அப்படித்தான் அழைத்தது. முருகன் படத்தின் ஆணியில் மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது.

"ஏன், முருகனுக்கும் வயித்தால போகுதாக்கும்?"

ஜோதிமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விபூதியோடு வந்த ராஜமுருகன், "முடிஞ்சதப் பிரிக்கக் கூடாதுக்கா" என்றார்.

உறைபனியில் இரண்டு வேளை பச்சைத் தண்ணீரில் குளித்து, வெறுங்காலோடு திரியும் மனிதர். அவரிடம் மருத்துவம் பேசிப் பயனில்லை என்று விஜயராணிக்குத் தெரியும்.

"சாமி, வெரதம் எத்தன நாளு?"

"நாப்பத்தெட்டு."

"மூணாம் நாளே முருகன் கண்ணத் தொறந்துட்டாருன்னு கறி தின்னீங்களா?"

"அதெப்படிக்கா?"

"புள்ளைக்குப் பதினாலு நாளு வெரதம். அத மட்டும் மூணாம் நாளு கலைக்கிறீங்க! காலி அட்டையக் கொண்டுபோய்ச் செலுத்துங்க. புள்ள முழுசா முழுங்குச்சுங்கறதுக்கு அதான் சாட்சி."

ராஜமுருகன் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். ஆட்சேபணை வராததால் முடிச்சை அவிழ்த்தார்.

அன்றுமுதல் குளியல், விபூதி, மாத்திரை என்று பூசை முறை திருத்தி அமைக்கப்பட்டது. சாமியே கரைத்து ஊட்டினார். ஆனாலும் விஜயராணி தினமும் வந்து அட்டையைத் தடவிப் பார்த்தார்.

பதின்மூன்றாம் நாள் வந்தபோது அட்டையையே காணோம்.

"வெள்ளனே கெளம்பிட்டாங்கக்கா. புள்ள தூங்கிட்டு இருந்துச்சு. அட்டைய எடுத்துட்டுப் போயிட்டாரு."

"உள்ள ரெண்டு இருக்குமேடி!"

பழனிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ரப்பர் செருப்போடு ஓடினார். இரண்டாவது வளைவில் காவித் துண்டுகள் தெரிந்தன.

"சாமி, நில்லுங்க சாமி!"

பதினொரு சாமிகளும் நின்றார்கள்.

"மாத்திர சாமி மட்டும்!"

ராஜமுருகன் நெளிந்தார். "ரெண்டுதானக்கா. நின்னுதான் பத்து நாளாச்சே."

"நீங்களும் கடைசி ரெண்டு நாள விட்டுட்டு வீட்டுக்கு வாங்க. நானும் ரெண்டு மாத்திரைய விட்டுடுறேன்."

மற்ற சாமிகள் சிரித்தார்கள். ராஜமுருகன் இரண்டையும் பிதுக்கி அவர் உள்ளங்கையில் போட்டார். காலி அட்டை மடிக்குத் திரும்பியது. உடனே அவருக்கு ஒரு சந்தேகம்.

"இன்னும் முழுங்கலயேக்கா. முருகன்கிட்டப் பொய் சொல்லவா?"

"நாளைக்குக் காலையிலதான் பதினாலு முடியும். அதுவரைக்கும் மலையேறாதீங்க."

விஜயராணி திரும்பி வந்து, ஒன்றை அன்றே கரைத்து ஊட்டினார். மறுநாள் காலை வள்ளி பதினான்காவது கரண்டியைத் தட்டிவிடப் பார்த்தது. விஜயராணி கையைப் பிடித்துக்கொள்ள, ஜோதிமணி ஊட்டினாள். கக்குகிறதா என்று மூன்று பேர் படவேண்டிய கவலையைத் தான் ஒருவராகவே பட்டபடி விஜயராணி பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கக்கவில்லை.

பழனி அடிவாரத்தில் விடியலிலிருந்து பதினொரு சாமிகளும் படியை முறைத்தபடி காத்திருந்தார்கள். ராஜமுருகனின் போன் ஒலித்தது.

"எறங்கிருச்சு சாமி" என்றார் விஜயராணி. "ஏறுங்க."