மூச்சு மெஷினை விட்டுவிட்டுப் போன இரண்டு ராத்திரி

எங்கள் ஆபீஸ் கிடங்கில் இருட்டினால் யாரோ முனகுகிறார்கள் என்று சொல்லி, வாட்ச்மேன் இந்த வேலையே வேண்டாம் என்று ஓடினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போய், அது ஒரு பழைய டிரான்ஸ்பார்மரின் சத்தம் என்று பத்துப் பேரைக் கூட்டிக் காட்டியவள் நான். மின்சார ஆபீசில், மீட்டர் பரிசோதிக்கிற பிரிவில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். பிளக் போடாமல் எதுவும் ஓடாது, ஓடினால் எங்கேயோ ஒயர் போகிறது என்று அர்த்தம், எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு ராணிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீங்கள் நினைக்கக்கூடாது. நினைத்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற வியாதி. குறட்டை விட்டுக்கொண்டே இருப்பேன், திடீரென்று தொண்டை அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் மூச்சே இருக்காது, அப்புறம் திணறி விழித்து மறுபடி தூங்குவேன். ராத்திரிக்கு எத்தனை தடவை இப்படி என்று எனக்கே தெரியாது. அதற்கு ஒரு மெஷின் உண்டு, டிபன் டப்பா அளவுதான், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடுகிற மாஸ்க். ராத்திரி முழுக்கக் காற்றை உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் மூச்சு மெஷின்.

அது எனக்காக வாங்கியது இல்லை. என் வீட்டுக்காரருக்காக வாங்கியது. அவருக்கு இந்த வியாதி என்னைவிடக் கடுமையாக இருந்தது. டாக்டர் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார். மனுஷர் மெஷினை வாங்கி வந்து பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். "தும்பிக்கைய மாட்டிகிட்டு படுக்க நான் என்னா புள்ளையாரா?" என்பார். கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன், ஒரு ராத்திரி கூட மாட்டவில்லை. எட்டு மாதம் பெட்டி அப்படியே கிடந்தது. ஒன்பதாவது மாதம் ஒரு விடியற்காலையில் காபி எடுத்துப்போய் எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள் எங்கள் ஒரே பெண் கயல்விழி. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா போனது தெரியாமல் தூங்கிவிட்டேனே என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் பிடிவாதத்தால்தான் நான் சோதனைக்குப் போனேன். எனக்கும் இருக்கிறது என்றார்கள். மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து, புது மாஸ்க் வாங்கி மாட்டிக்கொண்டேன். நாலு வருஷமாக ஒரு ராத்திரி விட்டதில்லை.

அப்படிப்பட்டவள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

கயலுக்குப் புதுச்சேரியில் இடம் அமைந்தது. முத்தியால்பேட்டையில் வீடு, பையன் பிரபு லாஸ்பேட்டையில் காலேஜில் வேலை பார்க்கிறான். மாப்பிள்ளையின் அப்பா கால் முறிந்து கட்டுப் போட்டிருந்ததால், எங்கள் ஊரான வேலூருக்கு வர முடியாது, நிச்சயத்தைப் புதுச்சேரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஞாயிறு காலை நிச்சயம், திங்கள் கடையில் முகூர்த்தப் புடவை, ஆக இரண்டு ராத்திரி தங்க வேண்டும். லாட்ஜில் ரூம் போடுகிறேன் என்றேன். சம்பந்தியம்மா மங்கை போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டார். "நல்லா இருக்குதே கத! எங்க வூடு இருக்கசொல்லோ லாட்ஜில தங்குவீங்களா? நாலு பேரு என்னைய என்னா கேப்பாங்க?"

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். பெண்ணின் அப்பா தூக்கத்தில் போனவர், அம்மாவோ குழாய் வழியாக மூச்சு விடுகிறவள், அப்போது பெண்ணுக்கும் வருமோ? இதைத்தான் கேட்பார்கள். வாயால் கேட்காவிட்டாலும் மனதில் கேட்பார்கள். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, காற்றை ஈரமாக்க அதில் இருக்கிற சின்னத் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து, கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். வீட்டைப் பூட்டும்போது கயல் என் பையைத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா பண்ண அதே வேலையதாம்மா நீயும் பண்ற."

"ரெண்டு ராத்திரிதானடி. நான் தூங்கவே மாட்டேன், போதுமா?"

பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தூங்க மாட்டேன் என்று சொன்னேனே தவிர, பயம் இல்லாமல் இல்லை. எனக்குத் தெரிந்த தற்காப்பு எல்லாம் செய்துகொண்டேன். மல்லாந்து படுத்தால்தான் மூச்சு அதிகம் நிற்கும் என்பார்கள். அதனால் நைட்டியின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து, அதில் டென்னிஸ் பந்து ஒன்றை வைத்தேன். புரண்டால் பந்து குத்தும், குத்தினால் ஒருக்களித்துக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள், டாக்டர் ஒருவர் சொன்ன யோசனைதான் அது.

முதல் ராத்திரி சாப்பாடு முடிந்து கூடத்தில் பெண்களுக்கு வரிசையாகப் பாய் போட்டார்கள். சுவர் ஓரம் நான், எனக்கு அடுத்து கயல் என்று இடம் பிடித்து வைத்திருந்தேன். சம்பந்தியம்மா தலையணையோடு வந்து என் தலைமாட்டுப் பக்கம் குறுக்கே பாயை விரித்தார். "பேசிகினே தூங்கலாம் சம்பந்தி, நமக்கு வேற எப்ப நேரம் கெடைக்கும்?" மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் பேசிக்கொண்டே தூங்கிவிட்டார். நான் கையைக் கிள்ளிக்கொண்டு, பழைய மீட்டர் நம்பர்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். எந்த நம்பரில் விட்டேன் என்று தெரியவில்லை.

அரைத்தூக்கத்தில் மூக்கில் சில்லென்று காற்று பட்டது. மாஸ்க்கின் ரப்பர் வாசனை, நாலு வருஷம் பழகிய அதே வாசனை. நல்லவேளை, மாட்டிக்கொண்டுதான் படுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக நினைத்தேன். அப்புறம்தான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்து, கையைத் தூக்கி மூக்கைத் தொட்டேன். வெறும் மூக்குதான் இருந்தது. ஆனால் காற்று வந்துகொண்டிருந்தது. பழக்கதோஷம் என்று சொல்லிக்கொண்டு தூங்கிப்போனேன். விழித்தபோது ஐந்து பத்து, தெருவில் ரொட்டிக்காரர் சைக்கிள் ஹாரன் கேட்டது. தலைவலி இல்லை, வாய் வறளவில்லை. மல்லாந்துதான் கிடந்தேன், பந்து முதுகுக்கு அடியில் நசுங்கியிருந்தது.

சம்பந்தியம்மா அடுப்படியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "ராத்திரி ரெண்டு வாட்டி எந்திரிச்சி கேஸ் மூடியிருக்குதான்னு பாத்தேன் சம்பந்தி. ஸ்ஸ்னு ஒரே சத்தம். சிலிண்டர்தான் லீக்கு ஆவுதுன்னு பயந்து சோப்புத் தண்ணிகூட ஊத்திப் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல."

"எங்கேர்ந்து வந்துதுங்க சத்தம்?"

"அதாங்க வேடிக்க! கிட்ட வந்து கேட்டா உங்க தலமாட்டுலேருந்து வர மாரி இருக்குது."

டம்ளரை வைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். மாடியில் துணி உலர்த்தப்போன கயலிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள். "ஒரு தடவ கூட நிக்கலம்மா. ஒரு குறட்ட கூட இல்ல. நின்னா உலுக்கி எழுப்பலாம்னு கைய உன் தோள் கிட்டயே வச்சிருந்தேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். பெற்ற பெண்ணை நிச்சயத்துக்கு முதல் நாள் ராத்திரி காவல் காக்க வைத்தேனே என்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வீங்கின கண்ணோடுதான் அவளுக்கு நலங்கு வைத்தார்கள்.

ஞாயிறு நிச்சயம் நன்றாகவே நடந்தது. அன்று ராத்திரி நான் நன்றாக விழித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு படுத்தேன். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் அது ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு அளவில் நின்றது. என் மெஷின் அப்படித்தான் ஆரம்பிக்கும். போனில் டார்ச் அடித்து சுவரைப் பார்த்தேன். ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் ஒன்றும் சொருகியிருக்கவில்லை, சுவிட்சும் அணைந்திருந்தது. வாட்ச்மேனுக்குச் சொன்னதுபோல் எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொள்ளத் தேடினேன், கிடைக்கவில்லை. நம்பினால் நம்புங்கள், பயமே வரவில்லை. இத்தனை வருஷத்தில் வராத தூக்கம் வந்தது.

திங்கள் காலை இனி மறைக்க முடியாது என்று சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சத்தத்தைத் தவிர. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவமே, இதுக்கா? எங்க பிரபு வுடுற கொறட்டைல மேல் வூட்டுக்காரன் காலி பண்ணிட்டுப் போயிட்டான்! அத்த சொன்னா பொண்ணு குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு நான் வாயப் பொத்திகினு இருந்தேன். நல்ல சம்பந்திங்க நாம!" இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த ஊரில் மத்தியானம் கடையைச் சாத்திவிடுவார்கள், அதற்குள் புடவை எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினோம்.

வீட்டில் பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி இரண்டும் எங்கள் இருவரிடம்தான். மெஷின் வைத்த இடத்தில் இருந்தது, பிளக் தரையில் கிடந்தது. அன்று ராத்திரி மாஸ்க்கை மாட்டினேன், நிற்காமல் வழுக்கி மூக்குக்குக் கீழே இறங்கியது. தலைக்குப் பின்னால் இழுத்து ஒட்டுகிற பட்டை கடைசி வரை தளர்ந்திருந்தது. கழுவி உலர்த்தும்போது நான்தான் தளர்த்தியிருப்பேன் என்று இறுக்கி ஒட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

பத்து நாள் கழித்து வழக்கம்போல மெஷினைச் சோதிக்க எடுத்துப்போனேன். உள்ளே ஒரு சின்ன கார்டு இருக்கிறது, எந்த ராத்திரி எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்று அதில் பதிவாகும். டெக்னீஷியன் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"மேடம், உங்களுக்கு அழுத்தம் எப்பவும் எட்டுதான் போவும். இங்க ஒரு சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரி மட்டும் பதினாலு போயிருக்கு. வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"அந்த ரெண்டு நாள் நான் ஊர்லயே இல்லையே தம்பி. பிளக்கையே பிடுங்கிட்டுப் போனேன்."

அவர் தேதியைச் சரிபார்த்தார். மற்ற நாட்களின் நேரமெல்லாம் ஒரு நிமிஷம் பிசகாமல் இருந்தது. இரண்டு நாளும் புதுச்சேரியில் நாங்கள் விளக்கணைத்த நேரத்தில் ஆரம்பித்து விடியற்காலை ஐந்து பத்துக்கு நின்றிருக்கிறது. ஏதாவது எரராக இருக்கும் மேடம் என்றார். நானும் அதையே சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் பீரோவைத் திறந்து, நாலு வருஷமாகத் தொடாத அவருடைய ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் டாக்டர் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். தேவையான அழுத்தம், பதினாலு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாஸ்க்கின் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டுகிற அந்தச் சொரசொரப்பில் ஒரு முடி சிக்கியிருந்தது. ஒரு விரற்கடை நீளம், பாதி கருப்பு, பாதி வெள்ளை. என் முடி இடுப்பு வரைக்கும். கயலுடையதும் அப்படித்தான்.

அழுதேன் என்று நினைப்பீர்கள். முதலில் எனக்கு வந்தது கோபம். காலியாக இருந்த கட்டிலைப் பார்த்துக் கத்தினேன். எட்டு மாசம் கெஞ்சினேனே, ஒரே ஒரு ராத்திரி மாட்டியிருந்தால் இன்றைக்குப் பெண்ணின் கல்யாணத்துக்கு நீங்களே தாம்பூலம் மாற்றியிருப்பீர்களே, இப்போது வந்து எனக்காக மாட்டிக்கொள்கிறீர்களா என்று கத்தினேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

கல்யாணம் நடந்து வருஷம் ஒன்றாகிறது. மாப்பிள்ளையும் இப்போது மெஷின் போட்டுக்கொள்கிறார், கயல் விடவில்லை. புதுச்சேரிக்குப் போனால் நான் கூடத்தில் எல்லார் முன்னாலும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுக்கிறேன், எனக்கு வெட்கமும் இல்லை ஒன்றும் இல்லை. கார்டு விஷயத்தைக் கயலிடம் சொல்லியிருக்கிறேன், முடியைப் பற்றி மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. புதுப் பட்டை வாங்கிவிட்டேன். பழையது அந்த முடியோடு பீரோவில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது மெஷினைப் பையில் வைத்து ஜிப்பை இழுப்பேன், ஒவ்வொரு தடவையும் கை பாதியில் நின்றுவிடும். விட்டுவிட்டுப் போனால் மறுபடியும் வருவாரோ என்று ஒரு நிமிஷம் தோன்றும். பிறகு, போதும், இனியாவது அந்த மனுஷர் தூங்கட்டும் என்று மீதி ஜிப்பையும் மூடிவிடுவேன்.