வாசித்துக் காட்டச் சொன்ன அப்பா

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து, அதே மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, சென்ற மாசியில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கண்மூடிய எங்கள் அப்பாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள் அம்மா. எழுதுகிறேன். ஆனால் அப்பாவின் நல்ல குணங்களில் பொறுமை சேராது. கோபத்தை ஆறவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தவர் அவர்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட காலத்தில் தோட்டத்துக் கிளாக்கர்தான் எல்லாருக்கும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். என்ன எழுதினீர்கள் என்று கேட்பது மரியாதைக் கேடு. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதே வழக்கம். அப்பாவைப் போலத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்கள் மேல் அவருக்கு ஆத்திரம் இருந்தது தெரிந்தும் அப்பா வழக்கப்படி போட்டார். நுவரெலியா விசாரணையில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். அங்கே கையில் கொடுத்த மனுப் பிரதியை அப்பா என்முன் வைத்தார். அட்டன் பள்ளிக்கூடத்தில் நான் அப்போது ஏழாம் வகுப்பு. பிறந்த இடம் இந்தியா, திரும்பிப் போகச் சம்மதம் என்று வாசித்தேன்.

அப்பா சத்தம் போடவில்லை. “பாப்பா, நாளையிலேருந்து எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடு” என்றார்.

அறிவு வளர அல்ல, அந்த ஆளை மடக்க. ‘ஐ ஆம், ஹீ இஸ், தே ஆர்’ என்று கவ்வாத்துக் கத்தி வீச்சுக்கு ஒன்றாகச் சொல்லிப் பழகினார். ‘எஃப்’ வருவதற்காக மேற்பல்லைக் கீழுதட்டில் அழுத்திக் கண்ணாடி முன் ஊதுவார். யாரைக் கடிக்கப் போகிறீர்கள் என்று அம்மா கேட்டால், “ஆளு இருக்கு” என்பார்.

மூன்றாம் வருடம், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் சங்கத்துப் பெண்ணொருவருக்குக் கிளாக்கர் மனு எழுதி முடித்தார். வாசித்துக் காட்டச் சொன்னார் அப்பா.

“கவ்வாத்துக்காரனுக்கு இங்கிலீஷ் வெளங்குமோ?” என்று சிரித்தார் கிளாக்கர்.

அப்பா காகிதத்தை எடுத்து, வரிவரியாக இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னார். அதிலும் பிறந்த இடம் இந்தியா.

“இந்தம்மா பொறந்தது மஸ்கெலியாங்க. அடிச்சிட்டு எழுதுங்க ஐயா. எழுதுற வரைக்கும் நாங்க நிக்கிறோம்.”

ஒருவரும் வேலைக்கு மலை ஏறவில்லை. கிளாக்கர் அடித்துவிட்டு மஸ்கெலியா என்று எழுதினார். அதன்பின் அப்பா வாசிக்காத காகிதத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. கிளாக்கர் கடந்துபோனால் குழந்தைகள்கூட ‘வாசிச்சுக் காட்டுங்க ஐயா’ என்றன. சில மாதங்களில் வேறு தோட்டத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். அன்று அப்பா இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனாலும் நாடற்றவராகவே போய்ச் சேர்ந்தார். அவரைத் தோளில் சுமந்த லயத்தாருக்கும், கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்ஸ்மாருக்கும், துக்கத்தில் பங்குகொண்ட உறவுகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அடக்கத்தன்று மாலையோடு வந்து, “பழசையெல்லாம் மறந்துடும்மா” என்று என்னிடம் கேட்டுக்கொண்ட கிளாக்கர் ஐயாவுக்கு மட்டும் நன்றியில்லை. அப்பாவின் மனு தள்ளப்பட்டபடியே கிடக்கிறது. கிளாக்கர் கேட்டதையும் நான் தள்ளிவிட்டேன்.