முள் குத்தாத விரல்

மருத்துவக் கல்லூரி வகுப்புத் திரையில் ஒரு கட்டைவிரலின் எக்ஸ்ரே. நுனி எலும்பு இருக்கவேண்டிய இடத்தில், கறையான் அரித்ததுபோல வெறும் நிழல். சீழ், எலும்புச் சொத்தை என்று ஆளாளுக்குக் கத்தினோம். "நுரையீரல் புற்றுநோய். அபூர்வமாக விரல் நுனிக்கும் பரவும்" என்றார் பேராசிரியர். என் மாமாவுக்கு வீங்கியதும் அதே விரல்தான்.

மாமா திரேஸ்புரம் கடற்கரையில் படகு வைத்திருந்தவர். பருவத்தில் சங்கு குளிக்கவும் போவார். எங்கள் கரையில் விரல் வீங்கினால் யாரும் காரணம் தேடுவதில்லை: கெளுத்தி மீன் முள், அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு அவர் மீன் ஏலத்துக்கு வந்தபோது, "ஏலே, விரலுக்குத் தொப்பி போட்டு எங்கலே மாப்பிள்ளை ஊர்வலம்?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். "பொண்ணு ஒங்க வீட்டுலதாம்லே" என்று மாமாவும் விடவில்லை. வீக்கம் மட்டும் வடியவில்லை.

கிளினிக்குக்கு நான்தான் துணைக்குப் போனேன். "மீன் முள்ளா?" என்றார் டாக்டர், உட்காரும் முன்பே. "முள்ளு குத்தவே இல்ல டாக்டர். குத்துனா எனக்குத் தெரியாதா? இருமலும் விடமாட்டுக்கு" என்றார் மாமா. "கடல்லயே கெடக்க ஆளு, எந்த முள்ளுன்னு கணக்கா வச்சிருப்பீங்க?" என்று சிரித்தபடியே கீறினார். சீழ் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. அப்போதும் டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லை. மாமாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கக்கூட இல்லை. வெட்டியெடுத்த சதை குப்பை வாளிக்குள் விழுந்தது. ஆறாததால் மறுபடியும் கீறல், மறுபடியும் மாத்திரை. மாமா ரத்தம் துப்பிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியும் நெஞ்சுப் படமும். நுரையீரலில் புற்று என்றார்கள். விரலைப் பற்றி அங்கும் யாரும் கேட்கவில்லை. சில மாதங்களில் போய்விட்டார்.

முன்பே கண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. விரல்வரை வந்த நோய் அவ்வளவு லேசில் விடாது. ஆனால் அந்த விரலை வீணாகக் கிழித்திருக்க மாட்டார்கள். வலிக்கு ஏற்ற மருந்தாவது நேரத்தோடு கிடைத்திருக்கும். மாமாவின் விரலில் இருந்ததும் அந்தப் புற்றுதான் என்று இன்று என்னால் நிரூபிக்கவும் முடியாது; சதைதான் குப்பைக்குப் போய்விட்டதே! தன் உடம்பைப் பற்றி ஒரு கடல்காரர் சொன்னதை விட்டுவிட்டு, அவர் தொழிலைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைத்தார்கள்.

"ஏளா, செத்தவுக திரும்பியா வரப்போறாவ? சும்மா கெட" என்கிறார் அத்தை. சும்மா கிடக்க மாட்டேன். பேராசிரியரிடம் அந்த எக்ஸ்ரேயின் பிரதியை வாங்கிவிட்டேன். சனிக்கிழமை அதே கிளினிக்குக்குப் போகிறேன். விரல் வீங்கிய யாராவது ஒருவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பலகையில் படத்தை மாட்டி ஒன்றே ஒன்று கேட்பேன்: இனிக் கீறினால் அந்தச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? பதில் வரும்வரை விளக்கை அணைக்க விடமாட்டேன்.