தபால் திரும்பாத கவுண்டி

கலிபோர்னியாவின் கவுண்டிகள், அதாவது அந்த ஊர் மாவட்டங்கள், எல்லாம் சேர்ந்து நலத்துறைக்கென்று ஒரே கணினியை வைத்து ஆள்கின்றன. கூட்டுக் குடித்தனம் மாதிரிதான். அடுப்பு பொது, சமையல் பெரிய மருமகள் இஷ்டம். கடலோரத்துப் பெரிய கவுண்டிக்கு ஆட்சிக்குழுவில் சொந்த நாற்காலிகள் உண்டு. மனிதரைவிடக் கரடிகள் அதிகமுள்ள எங்களைப் போன்ற மலைக் கவுண்டிகளுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. வேறு யாரும் வேண்டாமென்றதால் அது எங்கள் ஊர் நலத்துறை அலுவலகத்து வெர்னா ஸ்ட்ரௌட்டுக்கு வந்தது. அந்தப் பெருமையை அவர் ஒரு நல்ல கோட்டு வாங்கிக் கொண்டாடினார். அதற்குமேல் கொண்டாட அதில் ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்குத் தபால் வராது. தபால் நிலையத்தில் ஆளுக்கொரு பெட்டி, அவ்வளவுதான். பெரிய கவுண்டிக்காரர்கள் வடிவமைத்த கணினியோ வீட்டு முகவரியை மட்டுமே முகவரி என்று ஒப்புக்கொள்ளும். பெட்டி எண்ணை எழுதினால் நறுக்கி எறிந்துவிடும். பெட்டி எண் இல்லாமல் வரும் கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது தபால் விதி. எங்கள் தபால்காரம்மா ஓப்பல் அந்த விதியைப் படித்ததில்லை, அல்லது படித்துவிட்டு மறந்திருந்தார். நல்ல அதிகாரிக்கு இரண்டும் ஒன்றுதான். பெயரைப் பார்ப்பார், உரிய பெட்டியில் போடுவார். இப்படியே வருஷக்கணக்கில் கணினியின் பிழையை ஓர் அம்மாள் தன் கையால் மூடி வைத்திருந்தார். அது எங்களுக்கே தெரியாது.

பிறகு ஓப்பலுக்கு முழங்கால் அறுவை நடந்தது. அவருக்குப் பதிலாகச் சமவெளியிலிருந்து ஒருவர் வந்தார். விதிகளைப் படித்தவர். நலத்துறைக் கடிதங்களை மூட்டையாகக் கட்டித் திருப்பி அனுப்பினார். கடிதம் திரும்பினால் ஆள் ஊரைவிட்டே போய்விட்டான் என்று கணினிக்கு அர்த்தம். போனவனுக்கு எதற்கு அரசு மருத்துவ உதவி? ரத்து.

ரத்தானவர்களில் வெர்னாவின் அண்ணன் டெல்பர்ட்டும் ஒருவர். மர அறுப்பு ஆலையில் முதுகையும் பிறகு இதயத்தையும் கொடுத்தவர். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இதய வால்வு மாற்ற நாள் குறித்திருந்தார்கள். மருத்துவ உதவி இல்லை என்று கணினி சொன்னதும் அந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மான்கறிக் குழம்புக்கு வெர்னா போயிருந்தபோது டெல்பர்ட் விஷயத்தைச் சொன்னார்.

"என்னடி வெர்னா, நான் ஊர விட்டுப் போயிட்டேனாமே? எங்க போனேன்னு உன் மெஷின்கிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லு. நல்ல ஊரா இருந்தா நானே கெளம்பிடறேன்."

"சும்மா இருண்ணே," என்றார் வெர்னா. சொல்லும்போதே அண்ணன் மூச்சு வாங்குவதைக் கவனித்தார்.

உறவினர் கோப்பை ஊழியர் தொடக்கூடாது என்பது சட்டம். அந்த அலுவலகத்தில் வெர்னா டெல்பர்ட்டுக்குத் தங்கை, மேலாளர் சித்தப்பா மகன், மிச்சமிருந்தவர் டெல்பர்ட்டின் முன்னாள் மனைவி. சட்டம் அந்த அம்மாளையும் சந்தேகித்தது, எந்தப் பக்கம் சாய்வார் என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. ஆகவே கோப்பு பக்கத்துக் கவுண்டிக்குப் போனது. அங்கே ஒரு நல்ல பெண் முயன்று பார்த்தாள். தபால் திரும்பாத முகவரி ஒன்றைக் கொடுக்காமல் திறக்க மாட்டேன் என்றது கணினி. பெட்டி எண்ணை முகவரியாக ஏற்கச் சொல்ல அவளுக்கோ அவள் மேலாளருக்கோ அதிகாரமில்லை. எல்லாக் கவுண்டிகளும் கூடி முடிவெடுக்க வேண்டும்.

வெர்னா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். தீர்மானத்தை முன்மொழிந்தார். தலைவர் மிகுந்த மரியாதையோடு கணக்கைத் திருப்பிப் பார்த்தார். போன வருஷக் கணக்கு வரை உங்கள் கவுண்டியிலிருந்து ஒரு கடிதம்கூடத் திரும்பியதில்லையே, மாநிலத்துக்கே முன்மாதிரியாயிற்றே என்றார். சிலர் கைதட்டவும் செய்தார்கள். ஓப்பல் என்ற பெண்ணின் கருணையை விளக்கும் கட்டம் எதுவும் அந்தப் புள்ளிவிவரத்தில் இல்லை.

உண்மையில் யாராவது பாதிக்கப்பட்டிருக்கிறார்களா என்று கடலோரக் கவுண்டிக்காரர் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை.

பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் வெர்னா நலத்துறையில் இவ்வளவு காலம் கீழ்ப்பதவியில் இருந்திருக்க மாட்டார்.

"இருக்காங்க. எங்க அண்ணன்."

சட்ட ஆலோசகர் தன் மைக்கைத் திருப்பிக்கொண்டார். "மன்னிச்சுக்கங்கம்மா. சொந்தக்காரங்க விஷயம்னா நீங்க இதுல கலந்துக்க முடியாது. கொஞ்சம் வெளிய இருக்கணும்."

வெர்னா தாழ்வாரத்தில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். உள்ளே, முன்மொழிந்தவர் அவையில் இல்லாததால் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் ஒரு எதிரியாவது கிடைத்திருப்பான்.

அண்ணனிடம் போய்த் தள்ளிப்போச்சு என்று மட்டும் சொன்னார். டெல்பர்ட் தலையாட்டிவிட்டு, "நீ ஏன்டி என் பேர இழுத்த? வேற யாரையாவது சொல்லியிருக்கலாம்ல, இந்த ஊர்ல நோயாளிக்கா பஞ்சம்?" என்றார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து, அடுத்த கூட்டம் வரை தாங்குவேன், போய்ச் சாப்பிடு என்றார்.

தாங்கவில்லை. முதல் பனி விழுந்த வாரத்தில், விறகு எடுக்கப் போனவர் கொட்டகையிலேயே உட்கார்ந்த நிலையில் இறந்து கிடந்தார்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானம் வந்தபோது வெர்னா போன முறைபோலவே எழுந்து கதவை நோக்கி நடந்தார். சட்ட ஆலோசகர் மைக்கை அணைத்துவிட்டு, மேசையைச் சுற்றி அவரருகே வந்தார். நல்ல மனிதர், விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார்.

"இப்ப நீங்க வெளிய போக வேண்டியதில்லம்மா," என்றார் மெதுவாக. "இனிமே உங்களுக்கு இதுல எந்தச் சொந்தமும் இல்ல."

வெர்னா திரும்பி வந்து உட்கார்ந்தார். பெட்டி எண்ணை முகவரியாக ஏற்க வேண்டும் என்று முன்மொழிந்தார். கடலோரக் கவுண்டி வழிமொழிந்தது. ஒருமனதாக நிறைவேறியது. ஆதரிப்போர் கை தூக்கச் சொன்னபோது வெர்னாவின் கையும் மேலே போனது. கையை இறக்கலாம் என்று தலைவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.