நனைந்த அரிசிக்கு ஏலம் இல்லை

தேவநேசம் எந்தக் கதவையும் தட்டுவதில்லை. லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று கையிலிருக்கும் டின்னை ஒருமுறை குலுக்குவார். உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருப்பவள் அந்தச் சத்தத்துக்கே எழுந்து வருவாள். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைப்பது, இலங்கையில் ஹாலிஎலவுக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்துச் சபைப் பெண்களின் வழக்கம். அந்தப் பிடியரிசியை ஞாயிறுதோறும் சேர்த்து வருவது கொழுந்து பறிக்கும் தேவநேசம் அக்காவின் ஊழியம்.

பிடி பெரிதாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. பாதியை அள்ளித் திரும்பவும் அந்த வீட்டுச் சுளகிலேயே போடுவார். "புள்ளைங்க வாயிலேருந்து புடுங்கி ஆண்டவருக்குக் குடுக்காத தாயி. அவரு கோவிச்சுக்குவாரு."

கொழுந்து பறிக்க மலைக்குப் போட்டுப் போகும் கம்பிளியையே கோயிலுக்கும் முக்காடிட்டு வருவார். வாடை அடிக்கிறது என்று சபை மூப்பர் ஒருவர் சொன்னதிலிருந்து, வெயிலடிக்கும் ஞாயிறிலும் அதைக் கழற்றுவதில்லை. உட்காருவது தகரக் கூரை ஒழுகும் இடத்தில். தள்ளி உட்காரச் சொன்னால், "பழகின தண்ணிதான்" என்பார். பாட்டில் ராகம் கொஞ்சம் தப்பும். குரல் மட்டும் பக்கத்து மலைவரை கேட்கும்.

சேர்ந்த அரிசியை வருடத்தின் முதல் நாள், ஆராதனை முடிந்ததும், கோயில் வாசலிலேயே ஏலம் போடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்கு பிறந்தபோது அரிசிக்கு ஊரெல்லாம் வரிசை. பதுளைக் கடைகளிலும் மரவள்ளிக்கிழங்குதான் குவிந்து கிடந்தது. இந்த முறை ஏலம் சூடாகப் போகும், கூரைக்குப் புதுத் தகரம் போட்டுவிடலாம் என்று சபைச் செயலாளர் இஸ்ரவேல் நம்பியிருந்தார். தோட்டத்தில் தினமும் வேலைக்குப் பேர் போடும் கணக்கப்பிள்ளையும் அவரே.

மேல் லயத்திலோ பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. வேலைநாளைக் குறைத்ததைத் தட்டிக்கேட்டார்கள் என்று தீபாவளியோடு அவர்களுக்குத் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டியிருந்தார்கள். பேர் இல்லையென்றால் வேலை இல்லை. தோட்டம் கொடுக்கும் அரிசியும் இல்லை. பிடியரிசியை அங்கே கொடுக்கலாமே என்று சபைக் கூட்டத்தில் தேவநேசம் கேட்டார். அவர்கள் நம் சபையார் அல்லர் என்று பதில் வந்தது. எல்லோரும் விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

புத்தாண்டுக் காலையில் ஆராதனைக்கு வந்தவர்களை எதிர்கொண்டது கோயிலுக்குப் பின்னாலிருந்து கிளம்பிய புகை. ஹாலிஎலக் கடைக்காரர் மஹ்ரூபிடம் தேவநேசம் இரவல் வாங்கி, தலையிலேயே சுமந்து வந்த பெரிய சமையல் கிடாரத்தில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மிச்ச அரிசி முழுவதும் வாளிகளில் ஊறியது. ஏலத்துக்கு என்று காய்ந்த அரிசி ஒரு மணிகூட இல்லை.

"யாரைக் கேட்டு இதுல கை வச்ச?" என்றார் இஸ்ரவேல்.

"பிடி போட்ட பொம்பளைங்களக் கேட்டேங்கய்யா. வேணாமுன்னு ஒருத்தியும் சொல்லல."

பெண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் யாரும் நகரவில்லை.

"கோயிலு ஒழுகுறது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம என்னங்க? என் தலையிலதானே ஒழுகுது. ஆண்டவரு பொறந்த தொழுவம் மட்டும் ஒழுகாமயா இருந்திருக்கும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கிக்கொண்டார்கள். இஸ்ரவேலின் முகம் கறுத்தது. இப்போது அவர் செயலாளராகப் பேசவில்லை.

"நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்கு வருவேல்ல? பேர் போடுறது யாருன்னு ஞாபகம் இருக்கட்டும்."

தேவநேசம் கிளறுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "வருவேங்க. அரைநாள் கூலிக்கு அரைப் பேர் போட்டாலும் போடுங்க, அடியோட வெட்டினாலும் வெட்டுங்க. வெட்டினா நானும் மேல் லயத்துக் கணக்குல சேந்துருவேன். அடுத்த வருஷம் இதே பிடியில எனக்கும் சோறு வரும்."

ஆராதனை முடியவும் மழை பிடித்தது. வெளியே விரித்த சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு பந்தியைக் கோயிலுக்குள்ளேயே வைத்தார்கள். தேவநேசம் அழைத்திருந்த மேல் லயத்தார் வாசலோடு நின்றுவிட்டார்கள். கைக்குழந்தையோடு முன்னால் நின்ற வேலாயி, நெற்றியில் குங்குமம் இருக்கிறதே, உள்ளே வரலாமா அக்கா என்று கேட்டாள்.

"குங்குமம் வயித்தயா அடைச்சிருக்கு? வா தாயி."

மூப்பர்கள் அமரும் முதல் பந்தியில் தேவநேசம் அவர்களை வரிசையாக உட்கார வைத்தார். மூப்பர்கள் சுவரோரம் நின்றார்கள். வாழை இலையில் சோறும் பருப்பும் விழத் தொடங்கின.

வேலாயிக்குக் கிடைத்தது தேவநேசம் வழக்கமாக உட்காரும் இடம். முதல் சொட்டு குழந்தையின் தலையில் விழுந்தது. அடுத்தது இலையில். அதற்குப்பின் நூல் பிடித்ததுபோல் ஒழுகத் தொடங்கியது.

"பாரு," என்று இஸ்ரவேல் கூரையைக் காட்டினார். "இதுக்குத்தான் சொன்னேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. தேவநேசம் ஒருதரம் மேலே பார்த்தார். கிடாரத்து மூடியை இடக்கையால் தூக்கி, தாய்க்கும் பிள்ளைக்கும் மேலே குடையாகப் பிடித்தார். தண்ணீர் அதில் தாளம் போட்டது. வேலாயி குனிந்து சாப்பிட்டாள். பந்தியில் பாதிப் பேருக்கு இன்னும் சோறு வரவில்லை. மூடியைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க, தேவநேசம் வலக்கையிலிருந்த அகப்பையைத் திருப்பி, அதன் காம்பை இஸ்ரவேலின் பக்கம் நீட்டினார்.