பாக்ஸுக்கும் ஒரு பங்கு

பகலில் பனியன் கம்பெனியில் தையல், முகூர்த்த நாட்களில் கல்யாண மேடையில் சினிமாப் பாட்டு. இதுதாங்க என் பிழைப்பு. எங்கள் இசைக்குழுவில் வரும் பணத்தில் ஆளுக்கொரு பங்கு. ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் ஒரு பங்கு. பாக்ஸ், குழுவை நடத்தும் அண்ணனுடையது.

ஒருமுறை டோலக் வாசிக்கும் செல்வத்துக்குக் கையில் அடி. கட்டோடு வந்து மேடையில் உட்கார்ந்திருந்தான்.

"வாசிக்காத ஆளுக்கு ஏது கண்ணு பங்கு?" என்று அண்ணன் அவனை வெறுங்கையோடு அனுப்பினார். நாங்கள் அவரவர் பங்கை எண்ணி வாங்கிக்கொண்டோம்.

கை ஆறி அவன் திரும்பி வந்த கச்சேரி தாராபுரத்தில். முதல் பாட்டிலேயே பாக்ஸ் புகைந்து அடங்கிவிட்டது. செல்வமும் நானும் கூட்டத்துக்குள் இறங்கி, மைக் இல்லாமலே சமாளித்தோம். பணம் பிரிக்கும்போது பாக்ஸின் பங்கை அண்ணன் முதலில் எடுத்து வைத்தார்.

"ஏனுங்கண்ணா, அது பாடவே இல்லீங்களே?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன கண்ணு, மேடைக்கு வந்துச்சில்ல?"

செல்வம் சிரித்தான். "அடுத்த சென்மத்துல நான் பாக்ஸாப் பொறந்துக்கிடுதேன்க்கா."

அதன்பிறகு அவன் வரவே இல்லை.

பாக்ஸ் ரிப்பேருக்கு எல்லோர் பங்கிலும் பிடித்தார்கள், மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். செல்வத்தின் கைக்கட்டுச் செலவுக்கு யாரும் கேட்கவில்லை, நானாகவும் கொடுக்கவில்லை.