குத்தூசி பட்ட கண்ணாடி

காலை ஆறு நாற்பது. தேனியைத் தாண்டிய சோதனைச் சாவடியில் டீ குடித்துவிட்டுப் பஸ்சில் ஏறிய நான் முதலில் பார்த்தது, இருக்கையில் நான் விட்டுப்போன சாக்குப் பொதியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து காய்ந்த ஏலக்காய்த் தொலி உதிர்ந்துகொண்டிருந்தது. மூட்டையை அவிழ்க்காமலே சரக்கை எடுத்துப் பார்க்கும் குத்தூசியோடு சாவடிக்காரர் பக்கத்தில் நின்றார்.

“வாசம் தூக்குது. யாரோடதுன்னு மூணு தரம் கேட்டேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

“உள்ள கண்ணாடி சார்.”

“ஏலக்கா வாசத்துலயா?”

என் அக்காவின் கணவர், மச்சான், பதினான்கு மாதம் தேய்த்த தொலைநோக்கிக் கண்ணாடி அது. எட்டு அங்குல வட்டம். எழுபதுகளின் கடைசியில் அவர் போடியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வருகிறது, நிறுத்த மருந்தில்லை என்று மதுரையில் டாக்டர் சொல்லியிருந்தார். முழுக்க இருட்டுவதற்குள் சனிக்கோளின் வளையத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தினமும் வேலைக்குப் போகுமுன் தகர டிரம்மின் மேல் கண்ணாடியை வைத்து, அதைச் சுற்றி நடந்து நடந்து தேய்த்தார். அலுமினியப் பூச்சு மட்டும் பாக்கி. அதைப் பெங்களூரில்தான் போட முடியும். பத்திரிகை வேலையாக நான் அங்கே போகவிருந்தேன்.

அவர் பொதி கட்டியபோது உடனிருந்தேன். மெருகேறிய பரப்பில் விரல் படாமல், துவைத்த பழைய வேட்டியில் கண்ணாடியைச் சுற்றினார். மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் அதிர்வுக்குப் பயந்து இரண்டு மூங்கில் கூடைகளை எடுத்தார். ஒன்றில் தொலியை அமுக்கி, கண்ணாடியைப் படுக்க வைத்து, மேலும் தொலி திணித்து, மற்றதைக் கவிழ்த்துக் கட்டினார். “குலுக்கிப் பாரு மாப்ளே. சத்தம் வந்தா அவுத்துருவோம்.” வரவில்லை. அதோடு விட்டிருக்கலாம். கைப்பழக்கத்தில் சாக்கை எடுத்துச் சுற்றிலும் தைத்தார்.

“சாக்கு எதுக்கு? ஏலக்கான்னுல்ல நெனப்பாய்ங்க,” என்றார் அக்கா.

“போடியில இருந்து தைக்காம ஒரு சரக்கு வெளிய போயிருக்கா? உங்கப்பன் உன்னைய மட்டுந்தேன் தைக்காம அனுப்புனாரு.”

அக்கா சிரித்துவிட்டார். கிளம்பும்போது மச்சான் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “மடிய விட்டு எறக்கிராத மாப்ளே.”

சாவடி வரை மடியில்தான் இருந்தது. கால் மரத்துப்போனது.

அடுத்த பஸ்சில் போடிக்குத் திரும்பினேன். அவரே பொதியை அவிழ்த்தார். கண்ணாடியின் நடுவில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருந்தது. அங்கிருந்து விளிம்பு வரை ஒரு விரிசல். அதன் மேல் கட்டைவிரலை மெதுவாக இரண்டு முறை ஓட்டினார்.

“நீ சொல்லியுமா குத்துனாய்ங்க?”

“ஆமா மச்சான்.”

“சாக்கு தச்சது என் தப்புதேன். உங்கக்கா அப்பவே சொன்னா.”

மறு மாதமே இன்னொரு கண்ணாடியைத் தொடங்கினார். எட்டு மாதம் தேய்த்தார். அதற்குள் வாசலையும் சுவரையும் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கிட்டங்கியில் விரலாலேயே தரம் பிரித்தார். வீட்டுக்கு வந்தவர்கள் மூலையில் கிடந்த டிரம்மைப் பற்றிக் கேட்டால், “உள்ள கண்ணாடின்னு மாப்ளே தலப்பாடா அடிச்சுக்கிட்டான். கேக்காமக் குத்திட்டாய்ங்க,” என்பார்.

அப்படிச் சொன்ன பல சமயங்களில் நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.